பாஸ்போர்ட் சிப்பும் வாட்ஸ்அப் நகலும்: ரீயூனியன் யாத்திரைக் குழு ஒன்றின் நிகழ்வு ஆய்வு

பின்னணி

ரீயூனியன் தீவின் கிழக்குக் கரையில், சேன்-ஆந்த்ரே வட்டாரத்தில் இயங்கும் ஒரு தமிழ்ச் சங்கம் பள்ளி விடுமுறையை ஒட்டி மார்கழி மாதத்தில் தமிழ்நாட்டு யாத்திரை ஒன்றுக்கு ஏற்பாடு செய்தது. சிதம்பரத்தில் ஆருத்ரா தரிசனம், அங்கிருந்து கும்பகோணம், பிறகு பழனி. ஒன்பது குடும்பங்களைச் சேர்ந்த 23 பேர் பெயர் கொடுத்திருந்தார்கள். பாதிப்பேர் புதுச்சேரி, காரைக்கால் வழிவந்தவர்கள். மற்றவர்கள் தீவிலேயே பிறந்து சங்க வகுப்பில் தமிழ் கற்றவர்கள். அனைவரிடமும் இருந்தது, உரியவரின் விவரங்களும் முகப்படமும் பதிந்த சிப் உள்ள பிரெஞ்சு பாஸ்போர்ட். ஆட்களை அடையாளம் காட்டும் விவரங்கள் இங்கே விடப்பட்டுள்ளன.

இந்தியா செல்ல இ-விசா வேண்டும். அதற்குப் பாஸ்போர்ட்டின் விவரப் பக்கத்தை 10 முதல் 300 கிலோபைட்டுக்குள் பிடிஎஃப் கோப்பாகவும், முகப்படத்தைத் தனியாகவும் இந்திய அரசின் தளத்தில் ஏற்ற வேண்டும். சங்கச் செயலாளர் எல்லாருக்கும் தாமே விண்ணப்பித்துத் தருவதாக ஏற்றுக்கொண்டு, யாத்திரைக்கான வாட்ஸ்அப் குழுவில் "எல்லாரும் விவரப் பக்கத்தைப் படம் பிடித்துப் போடுங்கள்" என்று எழுதினார். மூன்றே நாளில் 23 பக்கங்களும் வந்து சேர்ந்தன. அந்தக் குழுவில் இருந்தவர்களோ 41 பேர். பயணம் வராத உறவினர்கள், முந்தைய ஆண்டு போய் வந்தவர்கள், பேருந்துக்குப் பேசிய முகவர் என்று பலரும் அதில் இருந்தார்கள். அப்போது யாருக்கும் அது உறுத்தவில்லை. தெரிந்தவர்கள் மட்டுமே இருக்கிற இடம் என்றுதான் அனைவரும் நினைத்தார்கள்.

அச்சம் எங்கிருந்து வந்தது

அக்டோபர் கடைசியில் அதே குழுவில் ஒரு காணொளி வந்தது. காரில் போகிற ஒருவர், தெருவில் நடப்பவர்களின் பாஸ்போர்ட்டைத் தொடாமலேயே படித்துவிடுகிறார் என்பது அதன் சாரம். அதில் சொல்லப்பட்ட செய்தி பொய்யில்லை. 2009-இல் சான் பிரான்சிஸ்கோவில் கிறிஸ் பேஜட் என்ற பாதுகாப்பு ஆய்வாளர் அப்படிச் செய்து காட்டினார். ஆனால் அவர் படித்தது அமெரிக்காவின் 'பாஸ்போர்ட் அட்டை'யை. தரைவழி, கடல்வழி எல்லைகளைக் கடக்கக் கொடுக்கப்படும் அந்த அட்டையில் இருப்பது, கிடங்குகளில் சரக்குப் பெட்டிகளை எண்ணப் பயன்படும் வகையைச் சேர்ந்த நெடுந்தூர வானொலிச் சிப். பல மீட்டருக்கு அப்பாலிருந்தே தன் எண்ணைச் சொல்லிவிடும். பாஸ்போர்ட் புத்தகத்தில் இருப்பது வேறு வகை. அது 13.56 மெகாஹெர்ட்ஸில் இயங்குவது, மின்கலம் இல்லாதது, சில சென்டிமீட்டர் நெருக்கத்தில் கருவியை வைத்தால் மட்டும் உயிர் பெறுவது. காணொளியைப் பகிர்ந்தவருக்கு இந்த வேறுபாடு தெரிந்திருக்க வழியில்லை.

அச்சம் இரண்டு திசையில் போனது. பொருளாளர் 23 பேருக்கும் உலோகத்தாள் உறை வாங்க விலை விசாரித்தார். ஒரு குடும்பத்து இளைஞர் இன்னும் ஒரு படி மேலே போய், தன் பாஸ்போர்ட்டை மைக்ரோவேவ் அடுப்பில் சில நொடி வைத்தார். சிப் செத்தால் கவலை தீரும் என்பது அவர் கணக்கு.

பரிசோதனை

நவம்பர் முதல் சனிக்கிழமை சங்க மண்டபத்தில் ஒரு கூட்டம் நடந்தது. தீவின் தலைநகர் சேன்-தெனியில் கணினிப் பாதுகாப்புத் துறையில் வேலை பார்க்கும் உறுப்பினர் மகள் ஒருவரை அழைத்திருந்தார்கள். உறை வாங்கலாமா என்று பொருளாளர் கேட்டதற்கு அவர் சொன்ன பதில்: "மாமா, உறை இருக்கட்டும். முதல்ல க்ரூப்புல கிடக்கிற படங்களைப் பார்ப்போம்."

அவர் செய்து காட்டியதைப் படிப்படியாகப் பதிவு செய்வது பயனுள்ளது. யார் வேண்டுமானாலும் தம் பாஸ்போர்ட்டில் செய்து பார்க்கலாம்.

முதலில், மூடிய பாஸ்போர்ட்டின் மேல் என்எஃப்சி (நெருங்கி வைத்தால் சிப்போடு பேசும்) வசதியுள்ள சாதாரணக் கைபேசியை வைத்தார். சிப் படிக்கும் செயலி, ஏதோ ஒரு சிப் இருப்பதை உணர்ந்ததோடு நின்றது. பெயரோ எண்ணோ படமோ எதுவும் வரவில்லை. சிப் முதலில் தரும் அடையாள எண்ணும், எடுத்து மறுபடி வைக்கும்போது மாறியது. ஒவ்வொரு முறையும் புதிதாக ஒரு தற்செயல் எண்ணைத் தருவது, ஒரே ஆளைப் பின்தொடர முடியாமல் செய்வதற்காக.

இரண்டாவதாக, செயலி மூன்று விவரங்களைக் கேட்டது: பாஸ்போர்ட் எண், பிறந்த தேதி, காலாவதி தேதி. பாஸ்போர்ட்டைத் திறக்காமலேயே, வாட்ஸ்அப் குழுவில் இருந்த படத்தைப் பார்த்து அவற்றைத் தட்டச்சு செய்தார். கைபேசியைப் பின்னட்டையில் மெல்ல நகர்த்தி ஆன்டெனா இருக்கும் இடத்தைக் கண்டு, அசைக்காமல் பிடித்தார். சில நொடிகளில் உரியவரின் பெயரும் பிறந்த தேதியும் பாலினமும், அச்சில் இருப்பதைவிடத் தெளிவான முகப்படமும் திரையில் வந்தன. மண்டபம் அமைதியாகிவிட்டது.

மூன்றாவதாக, அதே பாஸ்போர்ட்டைச் சமையலறை அலுமினியத் தாளில் இரண்டு சுற்றுச் சுற்றினார். கைபேசி எதையும் உணரவில்லை. தாளின் ஒரு பக்கத்தைப் பிரித்ததும் மறுபடி உணர்ந்தது. உறை வேலை செய்கிறது, ஆனால் முழுதாக மூடியிருக்கும்வரை மட்டும்.

சாவி எங்கே இருக்கிறது

பாஸ்போர்ட் சிப்புக்கான உலக விதிகளை வகுப்பது ஐகாவோ எனப்படும் பன்னாட்டுச் சிவில் விமானப் போக்குவரத்து அமைப்பு. ஆவண எண் 9303. விவரப் பக்கத்தின் அடியில் இரண்டு வரி இருக்கும், ஒவ்வொன்றிலும் 44 எழுத்து. இரண்டாம் வரியின் முதல் 9 இடங்களில் பாஸ்போர்ட் எண், 14 முதல் 19 வரை பிறந்த தேதி, 22 முதல் 27 வரை காலாவதி தேதி. ஒவ்வொன்றையும் அடுத்து ஒரு சரிபார்ப்பு இலக்கம் வரும். இந்த மூன்றையும் அவற்றின் சரிபார்ப்பு இலக்கங்களோடு கோத்துக் கணக்கிட்டால் கிடைப்பதே சிப்பைத் திறக்கும் சாவி. குடியகல்வு அதிகாரி பாஸ்போர்ட்டைத் திறந்து கண்ணாடியில் வைப்பது இந்த வரிகளைக் கருவி படிக்கத்தான். பாஸ்போர்ட்டை நீங்களாகத் திறந்து கொடுத்தால் ஒழிய சிப் பேசாது என்பது இந்த ஏற்பாட்டின் அடிப்படை.

இந்தப் பூட்டு ஆரம்பத்திலிருந்தே இருந்ததில்லை. 2005-இல் அமெரிக்கா பூட்டே இல்லாத சிப்பைத்தான் முன்வைத்தது. பொதுமக்களிடமிருந்து வந்த கருத்துகளில் ஏறக்குறைய எல்லாமே எதிர்ப்பு. அதன் பிறகே அமெரிக்கப் பாஸ்போர்ட்டில் பூட்டும், மேலட்டையில் உலோகத் தடுப்பும் சேர்ந்தன. பிஏசி எனப்படும் அந்த முதல் தலைமுறைப் பூட்டிலும் குறைகள் வெளிவந்தன. சிப்புக்கும் கருவிக்கும் நடக்கும் பேச்சை ஒட்டுக்கேட்டுப் பதிவு செய்தவர், தேதிகளையும் எண்ணையும் ஊகித்து நிதானமாக உடைக்கலாம். 2008-இல் நெதர்லாந்தின் நைமேகன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், சிப் தரும் பிழைச் செய்திகளை வைத்தே அது எந்த நாட்டுப் பாஸ்போர்ட் என்று கண்டுபிடிக்கலாம் எனக் காட்டினார்கள். 2010-இல் பர்மிங்ஹம் பல்கலைக்கழகத்தின் இருவர், முன்பு பதிவு செய்த ஒரு உரையாடலைத் திருப்பி அனுப்பி, அதே பாஸ்போர்ட் மறுபடி அருகில் வருகிறதா என்று அறிய முடியும் எனக் காட்டினார்கள். அவர்கள் சோதித்தவற்றில் இதற்கு மிக எளிதாக இடம் கொடுத்தது பிரெஞ்சு பாஸ்போர்ட்தான்: இருவேறு தவறுகளுக்கு அது இருவேறு பிழை எண்களைத் தந்தது.

இதற்குப் பிறகு வந்த பேஸ் என்ற இரண்டாம் தலைமுறைப் பூட்டு, ஐரோப்பிய ஒன்றிய நாடுகளில் 2014 இறுதிக்குள் கட்டாயமானது. ஒட்டுக்கேட்டு உடைக்கும் வழியை அது அடைத்தது. ஆனாலும் சாவி அச்சிலுள்ள அதே மூன்று விவரங்கள்தாம். எனவே நகல் வைத்திருப்பவரிடம் புதிய பூட்டும் பலிக்காது. சிப்பைப் பற்றிய பெரும்பாலான எச்சரிக்கைகள் இந்த இடத்தைத் தொடாமல் போய்விடுகின்றன என்பது இந்த நிகழ்வில் மிகத் தெளிவாகத் தெரிந்தது.

கூட்டத்தில் எழுந்த கேள்விகளில் மூன்று முக்கியமானவை.

"நம்ம எங்க போறோம்னு சிப் சொல்லிக்கிட்டே இருக்குமா?" என்று ஒரு பெரியவர் கேட்டார். இருக்காது. மின்கலமோ இடங்காட்டியோ அதில் கிடையாது. பாஸ்போர்ட் வழங்கப்படும்போதே சிப்பில் எழுதும் வசதி பூட்டப்படுகிறது. போன நாடுகள், விசாக்கள் எதுவும் அதில் சேர்வதில்லை.

கைரேகையைப் பற்றி ஒரு அம்மா கேட்டார். பிரெஞ்சு பாஸ்போர்ட் சிப்பில் இரண்டு விரல்ரேகைகள் இருக்கின்றன, 12 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு. மேலே சொன்ன சாவியால் அவற்றை எடுக்க முடியாது. பிரான்சு அங்கீகரித்த சான்றிதழ் கொண்ட கருவி கேட்டால் மட்டுமே சிப் அவற்றைக் கொடுக்கும். மண்டபத்தில் செய்த பரிசோதனையிலும் செயலிக்கு அந்தப் பகுதி மறுக்கப்பட்டது. ஆனால் அதே ரேகைகள் டெஸ் என்ற பிரெஞ்சு அரசின் மையத் தரவுத்தளத்திலும் இருக்கின்றன. 2008-இன் அரசாணை எட்டு விரல்களைச் சேமிக்க வழிசெய்தது. 2011 அக்டோபரில் பிரான்சின் உச்ச நிர்வாக நீதிமன்றம் இரண்டுக்கு மேல் கூடாது என்றது. 2016-இல் அடையாள அட்டைத் தரவும் அதே தளத்தில் சேர்க்கப்பட்டபோது பெரிய விவாதம் நடந்தது. ஜெர்மனியில் பாஸ்போர்ட்டை உரியவரிடம் கொடுத்ததும் அலுவலகத்திலுள்ள ரேகைகளை அழித்துவிட வேண்டும். பக்கத்து மொரீஷியஸில் அடையாள அட்டைக்கு எடுத்த ரேகைகளைத் தரவுத்தளத்தில் வைத்திருப்பதை 2015-இல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் ஏற்கவில்லை. இது குடிமக்கள் அரசிடம் எழுப்ப வேண்டிய நியாயமான கேள்வி. அலுமினிய உறை இதற்கு மருந்தாகாது.

நகலை வைத்து ஒருவன் பாஸ்போர்ட்டுக்குப் பக்கத்தில் வந்தால்தானே சிப் திறக்கும், அப்படியானால் என்ன பயம் என்பது மூன்றாவது. சரியான கேள்வி. உண்மையில் மோசடிக்காரனுக்குச் சிப் வரை வர வேண்டிய தேவையே பெரும்பாலும் இல்லை. வாடகைக்கு வீடு இருப்பதாக விளம்பரம் போடவும், இன்னொருவர் பெயரில் கடன் கேட்கவும், நம்பிக்கை வருமாறு தொலைபேசியில் பேசவும் பக்கத்தின் படமே போதும். ஒரே படம் இரண்டு வாசலையும் திறக்கிறது.

எடுத்த முடிவுகள், அவற்றின் காரணம்

முதல் வேலை, படங்களை நீக்குவது. வாட்ஸ்அப் குழுவில் நிர்வாகி மற்றவர் போட்ட செய்தியையும் 'எல்லாருக்கும் நீக்கு' கொடுத்து எடுக்கலாம். ஆனால் அதற்குக் கால வரம்பு உண்டு, ஏறக்குறைய இரண்டரை நாள். பெரும்பாலான படங்கள் அந்த வரம்பைத் தாண்டியிருந்தன. ஆகவே ஒவ்வொருவரும் தம் கைபேசியில் கையால் நீக்க வேண்டியிருந்தது. உரையாடலில் நீக்கினால் மட்டும் வேலை முடியாது. வாட்ஸ்அப் படங்களைக் கைபேசியின் படத்தொகுப்பிலும் சேமிக்கும். அங்கிருந்து கூகுள் போட்டோஸுக்கோ ஐகிளவுடுக்கோ தானாகவே நகல் போகலாம். கூகுள் போட்டோஸ் குப்பைத்தொட்டியில் காப்பெடுத்த படம் 60 நாளும், ஐபோனின் 'சமீபத்தில் நீக்கியவை'யில் 30 நாளும் தங்கும். அதையும் காலி செய்ய வேண்டும். மண்டபத்திலேயே உட்கார்ந்து, பிள்ளைகள் பெரியவர்களின் கைபேசிகளை வாங்கி ஒவ்வொன்றாகச் செய்தார்கள். வராத உறுப்பினர்களைச் செயலாளர் தொலைபேசியில் அழைத்துக் கேட்டார். கைபேசியை மாற்றிவிட்ட இருவரிடம் பழைய காப்புநகல் எங்கே இருக்கிறது என்று உறுதிப்படுத்த முடியவில்லை. குழுவில் போட்ட படத்தை முழுதாகத் திரும்பப் பெற முடியாது என்பதை அனைவரிடமும் சொல்லியே மேலே சென்றார்கள்.

அடுத்தது விண்ணப்பம். அடுத்த சனிக்கிழமை ஒவ்வொரு குடும்பமும் பாஸ்போர்ட்டோடு மண்டபத்துக்கு வந்தது. ஒரே கணினி, ஒரு வருடி. வருடியது நேராகக் கோப்பாகி இந்திய அரசின் தளத்தில் ஏறியது. விண்ணப்ப எண் குடும்பத்தாரின் சொந்த மின்னஞ்சலுக்குப் போனது. ஏற்றியதும் கோப்பு அழிக்கப்பட்டது. செயலாளரிடம் எஞ்சியது பெயர், விண்ணப்ப எண், விசா வந்துவிட்டதா என்ற மூன்று பத்தி கொண்ட பட்டியல் மட்டுமே. பாஸ்போர்ட் எண்ணைக்கூட அவர் வைத்துக்கொள்ளவில்லை. பேருந்துக்கும் அறைகளுக்கும் பெயர், வயது, உணவு வகை போதும்.

இந்த வேலையின்போதுதான் இன்னொன்று தெரிய வந்தது. ஒரு குடும்பம் முன்கூட்டியே தாங்களாக விண்ணப்பித்திருந்தது, தேடுபொறியில் முதலில் வந்த விளம்பரத்தைத் தட்டி. அது அரசுத் தளம் போலவே வடிவமைக்கப்பட்ட தனியார் தளம். அரசுக் கட்டணத்தைப் போல மூன்று மடங்கு வாங்கியிருந்தது. விவரப் பக்கங்களும் முகப்படங்களும் அங்கே போய்விட்டன. இந்திய இ-விசாவின் உண்மைத் தளத்து முகவரி 'கவ் டாட் இன்' (gov.in) என்று முடியும். வேறு எப்படி முடிந்தாலும் அது அரசுத் தளமாகாது.

மூன்றாவது முடிவு, பிரான்சின் தனியுரிமை ஆணையமான க்னிலுக்குத் தெரிவிப்பது. "நாம சின்ன சங்கம், இதெல்லாம் கம்பெனிக்குத்தானே?" என்று எதிர்ப்பு வந்தது. ஐரோப்பியத் தரவுப் பாதுகாப்பு ஒழுங்குமுறை சங்கங்களுக்கும் பொருந்தும். உறுப்பினர்களுக்கு ஆபத்து வரக்கூடிய கசிவு என்றால், தெரியவந்த 72 மணி நேரத்துக்குள் ஆணையத்துக்கு அறிவிக்க வேண்டும் என்கிறது அதன் 33-ஆம் பிரிவு. அடையாள ஆவணங்கள் தேவையில்லாத 18 பேரிடம் போயிருப்பதை ஆபத்தற்றது என்று சொல்ல முடியாது. கூட்டம் முடிந்த திங்கட்கிழமையே இணையப் படிவம் நிரப்பப்பட்டது. 23 பேருக்கும் எழுத்தில் தகவல் போனது.

எல்லாருடைய பாஸ்போர்ட்டையும் மாற்றிவிடலாமா என்றும் பேசினார்கள். வயது வந்தவருக்கு 86 யூரோ முத்திரைக் கட்டணம், மேரியில் (நகராட்சி அலுவலகத்தில்) நேரம் வாங்கிக் காத்திருப்பு, பயணமோ அடுத்த மாதம். புது எண் வந்தாலும் பெயரும் பிறந்த தேதியும் முகமும் மாறப்போவதில்லை; தொலைபேசி மோசடிக்கு அவையே போதும். மாற்றுவதால் கிடைக்கும் பாதுகாப்பு செலவுக்கு ஈடில்லை என்று விட்டார்கள். 'தொலைந்துவிட்டது என்று எழுதிக் கொடுத்தால் பழையது செல்லாமல் போகுமே' என்று ஒருவர் யோசனை சொன்னார். அது உடனே மறுக்கப்பட்டது, சரியாகவே. அது பொய் வாக்குமூலம். தொலைந்ததாகப் பதிவான பாஸ்போர்ட் இன்டர்போலின் தொலைந்த பயண ஆவணங்களின் தரவுத்தளம் வரை போகும். பிறகு அதைக் காட்டி எங்கும் பயணம் செய்ய முடியாது.

உறைகள் வாங்கவில்லை. விரும்பியவர்கள் தாங்களே வாங்கிக்கொண்டார்கள்.

சுட்ட பாஸ்போர்ட்

மைக்ரோவேவ் அடுப்பில் வைத்த பாஸ்போர்ட்டின் பின்னட்டையில் விரல்நுனி அளவுக்குக் கருகல். அட்டைக்குள் சுருளாக ஓடும் மெல்லிய கம்பிதான் ஆன்டெனா. அடுப்பின் அலை அதில் பெரும் மின்னோட்டத்தைத் தூண்டிச் சிப்பையும் சுற்றியுள்ள தாளையும் எரித்துவிடுகிறது. தடம் இல்லாமல் சிப்பை மட்டும் கொல்வது நடக்காது.

சிப் தானாகப் பழுதானால் பொதுவாக அதிகாரி அச்சைப் பார்த்துச் சரிபார்த்து அனுப்புவார். தானியங்கி வாயில்களில் மட்டும் போக முடியாது. கருகிய அட்டை வேறு விஷயம். திருத்த முயன்ற ஆவணம் என்ற சந்தேகம் வரும். விமான நிறுவனம் ரீயூனியனின் ரோலான்-காரோஸ் விமான நிலையத்திலேயே ஏற்ற மறுக்கலாம். பாதுகாப்பு நோக்கிலும் இது நஷ்டம். சிப்பில் உள்ள தரவு நாட்டின் மின்கையொப்பத்தோடு வருகிறது. அச்சில் படத்தை மாற்றினால் சிப் காட்டிக்கொடுக்கும். செத்த சிப்புள்ள பாஸ்போர்ட் திருடு போனால் போலி செய்பவருக்கு வேலை குறைகிறது.

இளைஞர் மேரிக்குப் போனார். "கீழே விழுந்து தண்ணி பட்டுடுச்சுன்னு சொல்லிடவா அண்ணா?" என்று செயலாளரிடம் கேட்டபோது, நடந்ததை நடந்தபடி சொல்லச் சொன்னார்கள். சேதமான பாஸ்போர்ட்டைக் கையில் எடுத்துப் போய், சேதத்தால் மாற்றம் என்றே விண்ணப்பித்தார். முன்விண்ணப்பத்தை இணையத்தில் நிரப்பியிருந்ததால் மேரியில் வேலை விரைவாக முடிந்தது. நேரம் கிடைக்க இரண்டு வாரம், புத்தகம் வர மூன்று வாரம். புறப்பட எட்டு நாள் இருக்கும்போது கையில் கிடைத்தது. நல்ல வேளையாக அவருடைய இ-விசாவுக்கு அதற்கு முன் விண்ணப்பித்திருக்கவில்லை. பழைய எண்ணில் போட்டிருந்தால் சிக்கல் கூடியிருக்கும்.

பின்னர் நடந்தவை

நவம்பர் கடைசியில், தனியார் தளத்தில் விண்ணப்பித்த குடும்பத்து அம்மாவுக்குப் பிரெஞ்சில் ஒரு அழைப்பு வந்தது. பேசியவர் அவருடைய பாஸ்போர்ட் எண்ணையும் பிறந்த தேதியையும் பிழையில்லாமல் சொல்லி, விசாப் படம் நிராகரிக்கப்பட்டதாகவும், வங்கி அட்டையில் உடனே ஒரு தொகை கட்ட வேண்டும் என்றும் சொன்னார். கூட்டத்தில் கேட்டது நினைவில் இருந்ததால் அவர் வைத்துவிட்டுச் செயலாளரை அழைத்தார். பணம் போகவில்லை. வங்கி அட்டை மாற்றப்பட்டது, காவல்துறையின் இணையப் புகார்ப் பிரிவில் புகார் பதிவானது. கசிவு அந்தத் தளத்திலிருந்தா வாட்ஸ்அப் குழுவிலிருந்தா என்று உறுதியாக நிறுவ முடியவில்லை. குழுவில் படம் போட்ட வேறு யாருக்கும் அத்தகைய அழைப்பு வராததால் தளத்தின் மேல்தான் சந்தேகம் வலுத்தது.

தமிழ்நாட்டில் தங்குமிடங்கள் வெளிநாட்டவர் வந்த 24 மணி நேரத்துக்குள் அவர்களின் விவரங்களைச் சி-படிவம் என்று அறியப்பட்ட படிவத்தில் வெளிநாட்டவர் பதிவு அதிகாரிக்கு அனுப்ப வேண்டும். ஆகவே பாஸ்போர்ட் நகல் கேட்பது நியாயம். எண்ணை மறைத்த நகல் அங்கே செல்லாது. குழு முன்கூட்டியே காகித நகல்கள் எடுத்து, ஒவ்வொன்றின் குறுக்கேயும் 'சி-படிவத்துக்கு மட்டும்', தேதி, விடுதியின் பெயர் எழுத இடம் விட்டு வைத்திருந்தது. ஒரு விடுதியில் வரவேற்பில் இருந்தவர் தன் சொந்தக் கைபேசியில் படம் எடுக்கக் கேட்டார். காகித நகலைக் கொடுத்து, "தம்பி, இதுலேயே எல்லாம் இருக்கு, இதை வெச்சுக்கோங்க" என்றதும் ஏற்றுக்கொண்டார். சண்டை எதுவும் தேவைப்படவில்லை. மாற்று வழி கையில் இருந்ததால் பேச்சு எளிதானது.

திரும்பி வந்து நான்கு மாதம் கழித்து, பிரான்சில் ஒருவர் பெயரில் உள்ள வங்கிக் கணக்குகளின் பதிவேடான ஃபிகோபாவில் தம் விவரத்தைக் கேட்கும் உரிமையைப் பதினொரு பேர் பயன்படுத்தினார்கள். அறியாத கணக்கு எதுவும் இல்லை. அழைப்பு வந்த அம்மா ஓராண்டு கழித்து இன்னொரு முறை கேட்பதாக இருக்கிறார்.

அடுத்த யாத்திரைக்கு மாற்றியவை

வாட்ஸ்அப் குழுவில் ஆவணம் கேட்பதில்லை என்பது சங்கத்தின் எழுதிய விதியாகிவிட்டது. விண்ணப்ப நாள் முன்கூட்டியே அறிவிக்கப்படும். வர முடியாதவர்களுக்குச் செயலாளர் வீட்டுக்குப் போவார்.

எண் தேவைப்படாத இடங்களுக்குக் கொடுக்கும் நகலில் என்ன மறைப்பது என்பதில் குழப்பம் இருந்தது. பலர் அடியிலுள்ள இரண்டு வரிகளை மட்டும் மறைத்தார்கள். அது போதாது: மூன்று விவரங்களும் மேலே சாதாரண எழுத்திலும் இருக்கின்றன. காலாவதி தேதியை மறைத்து, வழங்கிய தேதியை விட்டால், பத்து ஆண்டைக் கூட்டி யாரும் கண்டுபிடிப்பார்கள்; சிறுவர் என்றால் ஐந்து. பாஸ்போர்ட் எண்ணை அது அச்சான எல்லா இடத்திலும் மறைப்பதே பயனுள்ளது. அது இல்லாமல் சாவி உருவாகாது. கைபேசியின் 'ஹைலைட்டர்' கருவியால் கறுப்படித்தால், ஒளியைக் கூட்டிப் பார்க்கையில் அடியிலுள்ள எழுத்து தெரியும். பிடிஎஃப்பில் மேலே வரைந்த பெட்டியை நகர்த்திவிடலாம். காகிதத்தில் நகலெடுத்து, எண்ணின் மேல் தாள் ஒட்டி, மறுபடி நகலெடுப்பது பழைய முறை, ஆனால் நம்பகமானது.

முழு நகல் தவிர்க்க முடியாத இடத்தில் பிரெஞ்சு அரசின் ஃபிலிக்ரான் ஃபசில் என்ற இலவசச் சேவையைப் பயன்படுத்துகிறார்கள். யாருக்காக, எதற்காக, எந்தத் தேதியில் என்ற வரிகளைப் படம் முழுதும் நீர்க்குறியாகப் பதித்துத் தரும். நகலை வேறு இடத்தில் காட்டுவதை அது கடினமாக்குகிறது. சிப்பின் சாவியை அது மறைக்காது என்பதையும் சேர்த்தே சொல்கிறார்கள். சிப் உள்ள புதிய அடையாள அட்டை வைத்திருப்பவர்கள், பிரான்சுக்குள் அடையாளம் கேட்கப்படும்போது ஃப்ரான்ஸ் இதாந்தித்தே என்ற அரசுச் செயலியில் ஒருமுறைப் பயன்பாட்டுச் சான்று எடுத்துக் கொடுக்கப் பழகி வருகிறார்கள்.

பேருந்து முகவரும் பயணம் வராத உறவினர்களும் இப்போது தனிக் குழுவில் இருக்கிறார்கள். வண்டி நேரமும் கோயில் படங்களும் அங்கே போகின்றன.